குல்மார்க் கோண்டோலா போறவங்க முதல்ல டிக்கெட்ட புடிச்சுடுங்க

காஷ்மீர் டூர் போறவங்கள்ல பாதி பேரு ஃப்ளைட்டு, ஹவுஸ்போட், ஓட்டல் எல்லாம் புக் பண்ணி முடிச்சுட்டு கோண்டோலா (குல்மார்க் மலை மேல போற கேபிள் கார்) டிக்கெட்ட மட்டும் அங்க போய் எடுத்துக்கலாம்னு விட்டுடறாங்க, சீசன்ல அது சுத்தமா நடக்காது. டிக்கெட் ஆன்லைன்லதான், ஜம்மு காஷ்மீர் கேபிள் கார் கார்ப்பரேஷனோட சொந்த சைட்ல, தேதி, டைம் ஸ்லாட், ஆள் பேரு எல்லாம் போட்டு எடுக்கணும். அதனால முதல்ல கோண்டோலா தேதி, அப்புறம் அத வச்சு மத்ததெல்லாம். ஏஜென்ட் நான் ஏற்பாடு பண்றேன்னு சொன்னா, டிக்கெட்ல உங்க பேரு இருக்கான்னு பாத்துட்டு காசு குடுங்க. டிக்கெட்ட பிரிண்ட் எடுத்துக்கோங்க, ஒரிஜினல் ஐடியும் கையில இருக்கட்டும். நம்ம ஊரு ப்ரீபெய்டு சிம் அங்க வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் எடுக்கும், ஸ்டேஷன் வாசல்ல நின்னு மெயில் ஓபன் ஆகலயேன்னு முழிக்கக் கூடாதுல்ல.

கோண்டோலால ரெண்டு ஃபேஸ், அதாவது ரெண்டு கட்டம் இருக்கு. குல்மார்க்ல இருந்து கொங்டூரி வரைக்கும் ஃபேஸ் ஒன்னு, 1998ல வந்தது. அங்கேர்ந்து அஃபர்வாட் மலை மேல போறது ஃபேஸ் ரெண்டு, 2005ல வந்தது. ரெண்டுக்கும் தனித்தனி டிக்கெட், ஒன்னு இல்லாம ரெண்டுக்குப் போக முடியாது. உயரத்த நம்ம கணக்குல சொல்லணும்னா குல்மார்க் ஊரே தொட்டபெட்டா உச்சி உயரத்துல, 2,650 மீட்டர் கிட்ட இருக்கு, கொங்டூரி 3,000 தாண்டிடும், ஃபேஸ் ரெண்டு மேல இறங்கினா 3,900க்கு மேல. அவ்ளோ உயரத்துக்கு உக்காந்துகிட்டே கொஞ்ச நேரத்துல போயிடறதால உடம்புக்கு பழக டைமே கிடைக்காது, மேல போய் ஓடுனா நாலு அடியில மூச்சு வாங்கும், தலை வலிக்கும். ஹார்ட், ஆஸ்துமா பிரச்சனை இருக்கறவங்க, கைக்குழந்தை வச்சிருக்கறவங்க ஃபேஸ் ஒன்னோட நிறுத்திக்கறது நல்லது (டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க), பனிக்காலத்துல கொங்டூரிலயே பனியும் இருக்கும் சுடச்சுட மேகியும் கிடைக்கும்.

காலைல முதல் ஸ்லாட் எடுங்க. மதியம் ஆக ஆக மேகம் ஏறிடும், காத்தும் புடிச்சுக்கும், காத்து ஜாஸ்தியானா முதல்ல மூடறது ஃபேஸ் ரெண்டதான். அதனால கொங்டூரில போட்டோ எடுத்துட்டு நிக்காம நேரா மேல போயிடுங்க, திரும்பி வரும்போது அங்க எவ்ளோ நேரம் வேணா இருக்கலாம். மூடிட்டாங்கன்னா ஸ்டாஃப்கிட்ட சண்டை போடாதீங்க, 2017 ஜூன்ல பலத்த காத்துல பெரிய மரம் ஒன்னு சாஞ்சு கோண்டோலா மேல விழுந்து 7 பேர் செத்துட்டாங்க.

ஸ்ரீநகர்ல இருந்து 50 கிலோமீட்டர்தான், ஆனா பனிக்காலத்துல குல்மார்க்குக்கு கீழ இருக்கற தங்மார்க் ஊர்லயே வண்டிய நிறுத்திட்டு டயர்ல செயின் போட்ட லோக்கல் வண்டிக்கு மாறச் சொல்லுவாங்க, அதுக்கும் நேரம் வச்சுக்கோங்க. பூட்ஸ், கோட்டு வாடகைக்கு அங்கயே கிடைக்கும், பேரம் பேசணும். குல்மார்க்ல இறங்கின உடனே குதிரைக்காரங்க சூழ்ந்துக்குவாங்க, ஸ்டேஷன் ரொம்ப தூரம், கைடு இல்லாம உள்ளயே விட மாட்டாங்கன்னு அடிச்சு சொல்லுவாங்க. கோண்டோலால ஏற கைடு தேவையில்ல, ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாம். அவங்க பொழப்பு அது, கோவப்படாம சிரிச்சுட்டு நகந்துடுங்க. மேல போய் பனியில ரொம்ப தூரம் நடக்கப் போறீங்க, இல்ல ஸ்கீ பண்ணப் போறீங்கன்னா மட்டும் கைடு கண்டிப்பா வேணும், பனிச்சரிவு வர்ற மலை அது.

முதல் தடவை ஏறறவங்க பயப்படறது கேபின் நிக்காம வருதேன்னுதான். ரோப் ஒரே வேகத்துல ஓடிகிட்டே இருக்கும், கேபினோட தலையில இருக்கற கிரிப் அத கவ்விகிட்டு வரும், ஸ்டேஷனுக்குள்ள வந்ததும் கிரிப் தானா விட்டுடும், அப்புறம் வரிசையா சுத்தற டயருங்க கேபின மெதுவா தள்ளிகிட்டு போகும். கதவு தானா தொறக்கும், கூடவே ரெண்டு அடி நடந்து உள்ள காலை வச்சுடுங்க, அவ்ளோதான். பேக்க முதுகுல மாட்டாம கையில புடிச்சுக்கோங்க, வாசல்ல சிக்கும். ஒரு கேபின்ல ஆறு பேர், எதிரெதிரா உக்காரணும். எல்லாரும் மலைய பாத்த சீட்டுக்கு அடிச்சுக்குவாங்க, நீங்க மலைக்கு முதுகு காட்டி உக்காருங்க, ஏற ஏற குல்மார்க் புல்வெளி மொத்தமும், பைன் மரத்துக்கு நடுவுல ஆடு மாடு மேய்க்கற குஜ்ஜர் மக்களோட மண்ணு கூரை போட்ட குடிசைங்களும் கண்ணு முன்னாடி விரியும். டவர் ஒவ்வொன்ன தாண்டும்போதும் தடதடன்னு ஒரு ஆட்டம் வரும், கேபினோட கிரிப் டவர்ல இருக்கற சக்கரங்க மேல ஏறி இறங்கற சத்தம்தான் அது. நடுவுல நின்னாலும் பதறாதீங்க, கீழ யாராவது ஏறத் தடுமாறினா கூட நிறுத்துவாங்க.

மேல வானம் தெளிவா இருந்தா வடக்குப் பக்கம் நங்கா பர்பத் தெரியும், 8,126 மீட்டர், பக்கத்து மலைக்கெல்லாம் மேல வெள்ளையா தனியா நிக்கும். கூலிங் கிளாஸ் இல்லாம பனிய பாத்துகிட்டே நிக்காதீங்க, கண்ணு எரிஞ்சுடும். இறங்கறதுக்கும் கியூ நிக்கும், மதியத்துக்கு மேல ரொம்ப நீளம், அதனால கடைசி வண்டி எப்பன்னு மேல ஏறும்போதே ஸ்டாஃப்கிட்ட கேட்டு வச்சுட்டு அதுக்கு ரொம்ப முன்னாடியே லைன்ல வந்து நின்னுடுங்க.