பழைய காமிக்ஸ் பட்டன் பேட்ஜைத் தண்ணீரில் கழுவாதீர்கள்

அமெரிக்க நாளிதழ்களின் காமிக்ஸ் பாத்திரங்கள் அச்சிட்ட பழைய பட்டன் பேட்ஜ் (சட்டையில் குத்திக்கொள்ளும் வட்டச் சின்னம்) கிடைத்தால், துடைக்கும் முன் அது எந்த வகை என்று பாருங்கள்.

நியூஜெர்சியின் ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம் 1896இல் காப்புரிமை பெற்ற வகையில், தகரத்தின் மேல் அச்சிட்ட காகிதம், அதன் மேல் செல்லுலாய்ட் என்ற பழைய வகை பிளாஸ்டிக் தாள். அவுட்கால்ட் வரைந்த 'எல்லோ கிட்' சிறுவனின் சிகரெட் விளம்பர பேட்ஜ்கள் இந்த வகைதான். ஈரம் விளிம்பு வழியாக உள்ளே போனால் காகிதத்தில் பழுப்புக் கறை படரும். அந்தக் கறையை எடுக்க வழியே இல்லை. அதனால் உலர்ந்த மென்துணி மட்டும் போதும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், செல்லுலாய்ட் கரைந்துவிடும்.

இன்னொன்று, தகரத்திலேயே நேரடியாக அச்சிட்டது. 1945 முதல் 1947 வரை கெல்லாக்ஸ் 'பெப்' தானிய டப்பாக்களில் வந்தவை இப்படி. மொத்தம் 86 வகை. சூப்பர்மேன்தான் அதிகம் கிடைக்கும், அதற்குப் பெரிய விலை கொடுக்க வேண்டாம். இவற்றுக்கு எதிரி கீறலும் துருவும். ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாக வையுங்கள்.

அப்புறம், செல்லுலாய்ட் வகையைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காதீர்கள். அது பழசாகும்போது வெளிவிடும் வாயுவே அதை அரிக்கும். வெயில் படாத, காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டி நல்லது. பின்பக்கத்தில் பழைய காகிதம் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். தயாரித்தவர் பெயர் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.