கார் உள்கூரைத் துணி தொங்குகிறதா? பசை வாங்குமுன் ஸ்பொன்ஜைப் பாருங்கள்

உள்கூரைத் துணி தளர்ந்து தலையில் தட்டத் தொடங்கியதும் எல்லாரும் முதலில் ஓடுவது பசை வாங்கத்தான். கொஞ்சம் பொறுங்கள். தொங்கும் இடத்தில் துணியை மேலே அழுத்தி விரலால் தேய்த்துப் பாருங்கள். உள்ளே மணல் போல நறநறவென்று இருந்தால், ஓரத்தைப் பிரிக்கும்போது மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ தூள் கொட்டினால், கெட்டுப்போனது பசையல்ல. துணியின் முதுகில் இருக்கும் மெல்லிய ஸ்பொன்ஜ்தான்.

அந்த ஸ்பொன்ஜ் பொலியூரித்தேன். சூடும் ஈரமும் சேர்ந்து காலப்போக்கில் அதை உதிர வைத்துவிடும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் வெயிலில் நிற்கும் மட்டக்களப்புக் கல்லடிக் கார்களுக்கு இரண்டுக்கும் குறைவில்லை. இந்த நிலையில் ஊசியால் பசை ஏற்றினால் அது தூளைத்தான் பிடிக்கும், தூளோ துணி ஒட்டியிருக்கும் கூரை அட்டையைப் பிடிக்காது. துணியில் கறை விழுவதுதான் மிச்சம். குண்டூசி குத்துவதும், ஸ்டேப்ளர் அடிப்பதும் அடுத்த மாரி வரைக்கும் தாங்கினால் பெரிய விஷயம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். துணியில் பழுப்பு விளிம்போடு வட்டக் கறை இருந்தால் மேலிருந்து தண்ணீர் வருகிறது. முன் கண்ணாடியின் ரப்பர், கூரை ரெக் பூட்டிய துளைகள், சன்ரூஃப் இருந்தால் அதன் வடிகுழாய்கள் என்று ஒவ்வொரு இடமாக ஹோஸால் தண்ணீர் அடித்து, உள்ளே ஒருவரை இருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஒழுக்கை அடைக்காமல் துணி மாற்றுவது காசைக் கரைக்கும் வேலை.

கழற்றுதல்

பெட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். கூரை ஓரத்தில் கர்ட்டன் எயார்பேக் (மோதும்போது பக்கக் கண்ணாடியை மறைத்து விரியும் காற்றுப்பை) உள்ள கார் என்றால் அதன் பிறகு சில நிமிடம் விட்டுத்தான் தூண் மூடிகளில், அதாவது கண்ணாடிகளுக்கு இடையில் கூரையைத் தாங்கும் தூண்களின் பிளாஸ்டிக் மூடிகளில், கை வைக்க வேண்டும். டொயோட்டா தன் கையேடுகளில் குறைந்தது 90 வினாடி காத்திருக்கச் சொல்கிறது. பிறகு சன் வைசர், கைபிடிகள், உள்விளக்கு, தூண் மூடிகள், கதவு ரப்பர். இதெல்லாம் பார்த்தாலே விளங்கும். திருகாணி தெரியாத இடத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும், அதை நெம்புங்கள். நெம்புவதற்கு பிளாஸ்டிக் கருவி நல்லது, ஸ்குரூ டிரைவர் கீறிவிடும்.

அட்டையை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். முன் சீட்டுகளை முழுவதும் சாய்த்து, செடான் என்றால் முன் இடதுபக்கக் கதவு வழியாகவும், விட்ஸ் போன்ற ஹட்ச்பெக் கார்களில் மேலே தூக்கித் திறக்கும் பின்கதவு வழியாகவும் எடுக்கலாம். மடங்கினால் அந்த மடிப்பு புதுத் துணியிலும் தெரியும்.

சுத்தம் செய்வது: பாதி வேலை இங்கேதான்

பழைய துணி ஒரே இழுவையில் வந்துவிடும். மிஞ்சி நிற்கும் தூளில்தான் பலருக்குப் பொறுமை போய்விடுகிறது. மேலோட்டமாகக் கூட்டிவிட்டு ஒட்டினால், ஒட்டிய அன்று அழகாக இருக்கும், வெயில் ஏறியதும் குமிழ் விடும். நைலோன் பிரஷ்ஷால் ஒரே திசையில், வட்டமாகச் சுற்றாமல் தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், அது அட்டையின் மேல்தோலை உரித்துவிடும். முகக்கவசம் கட்டுங்கள், காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். உள்ளங்கையால் தடவும்போது தூள் ஒட்டாத வரைக்கும் விடக்கூடாது. உள்விளக்குப் பள்ளமும் வைசர் மூலைகளும் கடைசிவரை தூள் கக்கும் இடங்கள், அங்கே பழைய டூத் பிரஷ் உதவும்.

துணியும் பசையும்

முதுகில் ஸ்பொன்ஜ் ஒட்டிய துணியே வேண்டும். காத்தான்குடியில் எவ்வளவு அழகான துணி கிடைத்தாலும் வெறும் துணியில் பசை ஊறி வெளியே தெரியும், அட்டையின் மேடு பள்ளமும் மறையாது. கொழும்புக்குப் போகிறவர் இருந்தால் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் விசாரிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஊரில் குஷன் வேலை செய்பவரிடம் சொல்லி எடுக்கலாம். அட்டையை விட ஒவ்வொரு பக்கமும் 10 சென்ரிமீற்றர் கூடுதலாக வெட்டுங்கள்.

பசையில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். கைவேலைக்கு விற்கும் சாதாரண ஸ்பிரே பசை கூரைச் சூட்டில் இளகிவிடும். சூடு தாங்கும், வாகன உள்கூரைக்கென்றே எழுதியிருக்கும் பசைதான் என் தேர்வு.

துணியை அட்டையில் விரித்து, பாதியை மடித்து, துணியின் முதுகு, அட்டை என இரண்டு பரப்பிலும் பசை பூசுங்கள். விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலோடு வரக்கூடாது. அப்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போங்கள். பள்ளம் வந்தால் துணியை இழுக்காமல், முதலில் பள்ளத்துக்குள் அமுக்கிவிட்டு அப்புறம் மேலே வாருங்கள். இழுத்து ஒட்டிய இடம் பின்னால் கிளம்பும். அடுத்த பாதியும் இப்படித்தான். விளக்குத் துளையைக் கடைசியில், சிறிய குறுக்குவெட்டாக வெட்டி ஓரங்களைப் பின்பக்கம் மடித்து ஒட்டுங்கள். ஒரு நாள் நிழலில் காயட்டும்.

நாளும் முக்கியம். மார்கழி மழையில் பசை பூசினால் பரப்பில் ஈரம் படிந்து பிடிப்புக் குறையும். வறண்ட கச்சான் காற்று வீசும் நாளில் தூசியும் வரும், பசையும் நீங்கள் மடிக்குமுன் காய்ந்துவிடும். மழையில்லாத காலை, மூடிய கொட்டகை.

பிறகு சேர்த்தது

கல்முனையிலிருந்து ஒருவர் தன் பழைய காரில் அட்டையே இல்லை, துணி கம்பிகளில் கோத்துத் தொங்குகிறது என்று எழுதியிருந்தார். அது வேறு வகை. அங்கே தையலோ கம்பியோ விட்டிருக்கும், மேலே சொன்னது எதுவும் உதவாது, குஷன்காரரிடம் கொடுப்பதுதான் வழி. இன்னொருவருக்குத் திரும்பப் பூட்டும்போது கிளிப்புகள் உடைந்தன. பழைய பிளாஸ்டிக் அப்படித்தான், கழற்றுமுன்பே சிலவற்றை வாங்கி வையுங்கள். பழைய கிளிப் ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோனால் அளவு பார்த்துத் தருவார்கள்.