ஊசி இல்லாத ஊசியிலை மரம்: பெரம்பூர் மாடியில் நேகியா வளர்ப்பு

ஊசியிலை மரம் என்றால் உடனே ஊட்டி, கொடைக்கானல் பைன்தான் ஞாபகம் வரும், ஆனால் அவை எல்லாம் வெளியிடங்களிலிருந்து கொண்டுவந்து நட்டவை. தென்னிந்தியக் காட்டில் தானாக வளரும் ஊசியிலை மரம் ஒன்றே ஒன்றுதான், அதன் பெயர் நேகியா வாலிச்சியானா. பழைய புத்தகங்களில் போடோகார்பஸ் வாலிச்சியானஸ் என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டில், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகப் பக்கமெல்லாம் இருக்கிறது. நன்றாக வளர்ந்தால் பத்து மாடி உயரம் போகும். வேடிக்கை என்னவென்றால், ஊசியிலைக் குடும்பத்தைச் சேர்ந்த இதற்கு ஊசி மாதிரி ஒரு இலைகூடக் கிடையாது.

வட சென்னை மாடியில் இது மரமாகாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்றாகச் சில வருடம் வளர்த்து, மலைப்பக்கம் யாருக்காவது கொடுப்பதற்குத்தான் இந்த முறை.

படி 1: சவுக்கை ஒதுக்குங்கள்

எண்ணூர், பழவேற்காடு பக்கம் போய்விட்டு வந்து "பைன் மரம் பார்த்தேன்" என்று சொல்பவர்கள் பார்த்தது சவுக்கு. அது பூக்கும் தாவரம், ஊசியிலை மரத்துக்கும் அதற்கும் உறவே இல்லை. சந்தேகமாக இருந்தால் அந்த "ஊசி" ஒன்றைப் பிடித்து மெதுவாக இழுங்கள், கணுக்கணுவாகக் கழன்று வரும். அது இலையே அல்ல, பச்சைக் குச்சி. உண்மையான இலை அந்தக் கணுவில் பொடிப் பல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும்.

டிசம்பரில் நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்பது அரக்கேரியா. ஊசியிலை மரம்தான், ஆனால் பசிபிக் தீவுகளிலிருந்து வந்தது.

படி 2: இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்

இதைத்தான் நிதானமாகச் செய்ய வேண்டும், நான் ஏமாந்த இடமும் இதுதான். ஒரு நர்சரியில் "நேகியா" என்று கொடுத்ததை வாங்கி வந்து எட்டு மாதம் தண்ணீர் ஊற்றியபிறகு பார்த்தால், வேலிக்கு வைக்கும் சாதாரண போடோகார்பஸ் (நேகியாவின் பழைய பெயரிலும் அந்தச் சொல் இருந்தாலும், இது வேறு செடி). மாவிலையை எடுத்துக்கொண்டால் நடுவில் தடியாக ஒரு நரம்பு ஓடுகிறது அல்லவா, நேகியாவில் அந்த நடுநரம்பே இருக்காது. அடியிலிருந்து நுனிவரை மெல்லிய நரம்புகள் பக்கம் பக்கமாக, கோடு போட்ட நோட்டு மாதிரி ஓடும். எனக்குக் கிடைத்த செடியின் குறுகிய இலையில் நடுநரம்பு பளிச்சென்று தெரிந்தது, அதை வாங்கும்போதே நான் பார்த்திருக்க வேண்டும்.

"அப்படியென்றால் மூங்கில் இலை மாதிரியா?" என்று கேட்டால், நரம்பு மட்டும் அப்படி. மூங்கில் இலை காகிதம் போலிருக்கும், இது தோல் மாதிரித் தடிப்பாக, பளபளப்பாக, எதிரெதிராக ஜோடி சேர்ந்து வரும். அகாத்திஸ் என்று ஒரு வெளிநாட்டு மரத்துக்கும் இதே போன்ற நரம்புகள்தான், ஆனால் அது உருண்டையான பெரிய கூம்பு (பைன் மரத்தில் விதை இருக்கும் காய் மாதிரி) வைக்கும். நேகியாவில் கூம்பு என்று சொல்லும்படி எதுவும் தெரியாது, சதை மூடிய ஒற்றை விதை சின்னப் பழம் மாதிரித் தொங்கும். அதுவும் பெண் மரத்தில் மட்டும். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி.

படி 3: கன்று வாங்குவது

மலைப்பகுதி நாற்றங்கால்களில் கேளுங்கள். காட்டுக்குச் சுற்றுலா போனபோது பிடுங்கி வருவது வேண்டவே வேண்டாம், புலிகள் காப்பகத்தில் அது 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விதை கிடைத்தால் சதையை நீக்கிவிட்டுக் காயவிடாமல் உடனே விதையுங்கள்.

படி 4: மண்

செம்மண், மட்கிய இலை உரம், தேங்காய் நார்க் கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து, கொஞ்சம் பெருமணல் சேருங்கள். நார்க் கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் போடுங்கள். பக்கத்தில்தானே கிடைக்கிறது என்று காசிமேட்டுக் கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள்.

தொட்டி மாற்றும்போது வேரில் சின்னச் சின்ன முண்டுகள் தெரிந்தால் வேரைத் தாக்கும் நூற்புழு என்று பயந்து மருந்து ஊற்ற வேண்டாம். நேகியாவும் போடோகார்பஸும் சேர்ந்த குடும்பத்துக்கே வேரில் மணி மணியாக முண்டு வரும், அதற்குள் நன்மை செய்யும் பூஞ்சை குடியிருக்கும். செடி தளதளவென்று இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

படி 5: தண்ணீரும் நிழலும்

நம் பக்கத்தில் தலைவலியே தண்ணீர்தான். மீஞ்சூர் வரை நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கிறது, தண்டையார்பேட்டை, ராயபுரம் போர் தண்ணீரைக் கேட்கவே வேண்டாம். இலை நுனி பழுப்பாகக் கருகினால் நான் முதலில் சந்தேகப்படுவது உப்பைத்தான். மழைநீரை டிரம்மில் பிடித்து வையுங்கள். கோடையில் நான் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து ஊற்றுகிறேன், அதில் உப்பு இல்லை.

சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை, அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். நேகியாவின் சொந்தக் காட்டிலோ 2,000 மி.மீ.க்கு மேல், ஈரம் வருடம் முழுக்க நிற்கும். அதனால் மழைக்காலத்தில் தொட்டியில் தண்ணீர் தேங்காமல் ஓட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள், மே மாதத்தில் மண் காயாமல் மேலே சருகு மூடுங்கள். மொட்டை மாடி வெயில் ஆகாது, கிழக்குப் பார்த்த பால்கனி நல்லது, இல்லையென்றால் பாதி வெயிலை மறைக்கும் பச்சை வலை கட்டுங்கள். ஈரப்பதத்துக்காக மற்ற தொட்டிகளுக்கு நடுவில் வையுங்கள், தனியாக ஓரத்தில் வைத்தால் அனல் காற்றில் வாடிவிடும்.

உரம் கொஞ்சம் போதும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம். மெதுவாகத்தான் வளரும், அவசரப்பட்டு யூரியா தூவ வேண்டாம்.

படி 6: அனுப்பி வைப்பது

இடுப்பளவு வந்ததும் தொட்டிக்குள் வேர் சுற்ற ஆரம்பிக்கும். அதற்குள் இடம் பார்த்துவிடுங்கள். என்னுடையது (இந்த முறை நரம்பைப் பார்த்துத்தான் வாங்கினேன்) இப்போது முழங்கால் உயரம். கூடலூரில் சித்தி வீட்டுக்குப் பின்னால், ஓடைக்கரையில் குழி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஜூனில் மழை பிடித்ததும் ஈரச் சாக்கில் சுற்றி ராத்திரி பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். "அது என்ன, பழம் தருமா?" என்று சித்தி கேட்டார். ஆணா பெண்ணா என்றே இன்னும் தெரியாது சித்தி என்றேன்.