ஓடைக்கரைக் காட்டில் வயல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்டறிவது எப்படி

ஓடையோரக் காடு ஒரே நாளில் அழிவது அரிது. ஆண்டுக்கு ஒரு சால் கூடுதலாக ஓட்டுவார்கள், வரப்பு சற்றே கரைப்பக்கம் நகரும்; இருபது ஆண்டுகளில், நீர்மருதும் புங்கனும் நாவலும் அடர்ந்திருந்த கரை ஒற்றை மரவரிசையாகச் சுருங்கிவிடும். உங்கள் ஊர் ஓடையில் இது எந்த அளவுக்கு நடந்திருக்கிறது என்பதை நீங்களே கணிக்கலாம்.

முதலில் ஆவணங்களைப் பாருங்கள். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் கிடைக்கும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) 'அ' பதிவேட்டையும் (நிலத்தின் வகையும் பரப்பும் எழுதிய பதிவேடு) கொண்டு ஓடைப் புறம்போக்கின், அதாவது ஓடைக்கென ஒதுக்கிய அரசு நிலத்தின், எல்லையைக் குறித்துக்கொண்டு, கூகுள் எர்த்தில் உள்ள பழைய படங்களோடு ஒப்பிட வேண்டும். பங்குனி, சித்திரை மாதப் படங்களே உகந்தவை. மானாவாரி நிலமெல்லாம் பழுப்பேறிக் கிடக்கும் அக்காலத்தில், அடிமண் ஈரத்தில் வேர்விட்ட கரைமரங்கள் மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும்.

பிறகு கரையில் நடக்க வேண்டும். நூறு அடிக்கு ஒருமுறை முளைக்குச்சி அடித்து, கரை விளிம்பிலிருந்து முதல் உழவுச்சால் வரை நாடா பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுக்குச் சொன்னால், பிரேசிலின் 2012 வனச் சட்டம் 10 மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள ஓடைகளுக்கு இருபுறமும் 30 மீட்டர் காடு வேண்டும் என்கிறது. முன்பே பண்ணையாகிவிட்ட நிலங்களுக்கு அங்கும் சலுகை உண்டு.

அகலத்தைவிட மரக்கன்றுகளின் எண்ணிக்கையே உண்மையைச் சொல்லும் என்பது என் கருத்து. நீர்மருதின் ஐந்து இறகுள்ள காய் கோடையில் உதிர்கிறது; முளைக்க வேண்டிய அதே மண்ணில் ஏர் ஓடிவிடுகிறது. 'கோடை உழவு கோடி நன்மை' என்பது வயலுக்குச் சரி, கரைக்கு அல்ல. ஆகவே ஒவ்வொரு குச்சியருகிலும் பத்தடிச் சதுரத்தில் கன்றுகளை எண்ணுங்கள். பெரிய மரங்கள் நிமிர்ந்து நிற்க, அடியில் முழங்கால் உயரக் கன்று ஒன்றுகூட இல்லையென்றால், அந்தக் காட்டுக்கு வாரிசு இல்லை. ஒரு மரம் சாய்ந்து வெயில் விழும் இடத்தை உண்ணிச்செடியோ சீமைக்கருவேலமோ பிடித்துக்கொள்ளும்.

நீரின் நிலையை அறிய, நல்ல மழை பெய்த அன்றே ஓடையில் வயலுக்கு மேலேயும் கீழேயும் ஒவ்வொரு கண்ணாடிப் பாட்டிலில் நீர் பிடித்து இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள். கீழ்ப்பாட்டிலில் படியும் வண்டல் தடிமனாக இருந்தால், வேர்கள் பிடித்து வைக்க வேண்டிய மேல்மண் ஓடைக்குள் இறங்குகிறது என்று பொருள். பயிருக்கு இட்ட உரமும் அதோடு போகிறது.

சீரமைக்க விரும்புவோர் உழவுச்சாலைப் பின்னுக்கு இழுத்து, கன்று தலையெடுக்கும்வரை ஆடுமாடு புகாமல் முள்வேலி இட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். மண் சரியும் இடத்தில் வெட்டிவேர் நடலாம். மழைக்காலத்துக்குச் சற்று முன் சீமைக்கருவேலத்தை ஒரேயடியாகத் தோண்டியெடுப்பது மட்டும் வேண்டாம். வேறு மரம் வேர்பிடிக்கும்வரை அதன் வேரும் கரையைத் தாங்கிக்கொண்டிருக்கும். அடுத்த சித்திரையில் அதே குச்சிகளிடம் போய் மீண்டும் அளந்து, கன்றுகளையும் எண்ணிக்கொள்ளுங்கள்.