டாபி சாயத்தால் உட்கருவை ஒளிரவைத்தல்: முதல் முறை செய்பவர்களுக்கு

டிரிபனோசோம் ஒட்டுண்ணி நோய்களுக்கு மருந்து தேடிய ஆய்வில் 1971இல் பிறந்த சேர்மம் டாபி. பெயரெடுத்ததோ சாயமாகத்தான். டி.என்.ஏ.வின் சிறு பள்ளத்தில், அடினைன், தைமின் என்ற காரங்கள் மிகுந்த இடங்களில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் ஒளிர்வு ஏறத்தாழ 20 மடங்கு கூடிவிடும். அதனால்தான் கொஞ்சம் சாயமே போதும்.

முதல் வேலை, செல்களை நிலைப்படுத்துவது, அதாவது சிதையாமல் அப்படியே நிற்கவைப்பது. கவர்ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடி வில்லையில் வளர்ந்த செல்களைப் பாஸ்பேட் தாங்கல் கரைசலில் (அமில-காரத் தன்மை மாறாமல் காக்கும் உப்புக் கரைசல்) கழுவி, 4 சதவீதப் பாரஃபார்மால்டிஹைடில் அறை வெப்பநிலையில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். இதன் ஆவி நச்சு. ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் அறைப்பெட்டிக்குள் செய்யுங்கள். பிறகு மூன்று முறை கழுவுங்கள். எந்தக் கரைசலையும் செல்களின் தலையில் கொட்டாதீர்கள். ஓரமாக வழியவிடாவிட்டால் செல்கள் பெயர்ந்து போய்விடும்.

அடுத்து, சோப்பு போன்ற டிரைட்டான் எக்ஸ்-100இன் 0.1 சதவீதக் கரைசலில் 10 நிமிடம். செல் சவ்வில் துளை விழுந்து, சாயம் உள்ளே போக வழி கிடைக்கும். மீண்டும் கழுவுங்கள்.

இனிச் சாயம். டாபித் தூளைத் தாங்கல் கரைசலில் நேரடியாகக் கரைக்கப் பார்க்காதீர்கள், சரியாகக் கரையாது. தூய நீரில் அடர்கரைசல் தயாரித்து, அதைத் தாங்கல் கரைசலில் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்ற அளவுக்கு நீர்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் படாமல் 5 நிமிடம் போதும். டி.என்.ஏ.வில் ஒட்டும் பொருள் என்பதால் கையுறை கட்டாயம். ஒளி மங்கலாகிவிடுமோ என்று பயந்து ஒருமுறை பத்து மடங்கு சேர்த்தேன். செல் முழுவதும் நீலமாகி, உட்கரு எங்கே என்று தேட வேண்டியதாயிற்று.

கழுவி, கண்ணாடித் தகட்டில் பதித்து, ஓரங்களை நகப்பூச்சால் அடைத்துவிடுங்கள்.

இனி ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்க்கலாம். டி.என்.ஏ.வுடன் சேர்ந்த டாபி 358 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சி, 461 அருகே நீலமாக உமிழும். பச்சை, சிவப்புச் சாயங்களும் இருந்தால் அவற்றை முதலில் படமெடுங்கள், நீலம் கடைசியில். புறஊதா ஒளி பட்ட டாபி உருமாறி, பச்சை ஒளிக்கான படத்திலும் ஒளிர்ந்து ஏமாற்றக்கூடும்.

உயிருள்ள செல்கள் என்றால் ஹோக்ஸ்ட் 33342 என்ற சாயம் எளிது. சவ்வைத் தானே கடக்கும்.

சுண்டெலிச் செல்லின் உட்கருவுக்குள் பளிச்சென்ற புள்ளிகள் தெரிந்தால் பதற வேண்டாம், அவை இயல்பு. உட்கருவுக்கு வெளியே பொடிப்பொடியாகப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா புகுந்திருக்கலாம். அன்றே தனிப் பரிசோதனை செய்யுங்கள். முடிவு வரும்வரை அந்தச் செல்கள் வளரும் குடுவையை மற்றச் செல்களோடு வைக்காதீர்கள்.