தூண்டில் நரம்பில் கோர்க்காதீர்கள்: பாசிமணி வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை வகுப்புக்குப் புதிதாக வந்த பெண் பையைத் திறந்து ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைத்தாள். செக் நாட்டுப் பாசி, மெல்லிய ஊசி, பாசி உருளாமல் இருக்க வெல்வெட் துணி, எல்லாமே பார்த்துப் பார்த்து வாங்கியவை. கடைசியாக எடுத்தது மீன் பிடிக்கிற தூண்டில் நரம்புச் சுருள் ஒன்று. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல வருஷத்துக்கு முன்னால் நானும் இதே சுருளை இதே நம்பிக்கையோடுதான் எடுத்து வைத்தேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள் நான். இங்கே மெரேபேங்க் பகுதியில் ஒரு கோயில் கூடத்தில் சனிக்கிழமைதோறும் பாசிமணி நகை சொல்லித் தருகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வருகிறார்கள், பேரன் பேத்தி எடுத்தவர்களும் வருகிறார்கள். ஊசியில் குத்திக்கொள்வது, பாசியைத் தட்டிவிடுவது, எண்ணிக்கை தப்புவது போன்றவற்றை நான் தவறாகவே நினைப்பதில்லை. கை பழகினால் தானாகச் சரியாகிவிடும். கை நன்றாகப் பழகிய பிறகும் கூடவே இருந்து, பணத்தையும் பேரையும் கெடுக்கிற தவறுகள் சில உண்டு. அவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தூண்டில் நரம்பு

என் கணவர் வீட்டார் மீன்பிடிக் குடும்பம். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் மக்களில் சிலர் ஒப்பந்தம் முடிந்ததும் கடலைப் பார்த்துப் போனார்கள். டர்பன் வளைகுடாவில் சாலிஸ்பரி தீவு, ஃபின்லேண்ட்ஸ் பக்கம் குடியிருந்து வலை இழுத்த குடும்பங்களின் வழியில் வந்தவர்கள் இவர்கள். வலைத்தொழில் போன பிறகும் தூண்டில் வீட்டை விட்டுப் போகவில்லை. ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கரையோரமாக ஏறி வருகிற நாட்களில் எங்கள் வீட்டு ஆண்களைக் கடற்கரையில்தான் தேட வேண்டும். எந்த அலமாரியைத் திறந்தாலும் நரம்புச் சுருள் இருக்கும். இதை விட்டுவிட்டுக் காசு கொடுத்து நூல் வாங்குவானேன் என்று அதிலேயே கோர்க்க ஆரம்பித்தேன்.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நரம்பு பிடித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை. ஊசியே வேண்டாம், நுனி விறைப்பாக நிற்பதால் பாசிக்குள் தானே நுழைந்துவிடும். கண்ணுக்கும் தெரியாது. பத்து கிலோ மீனைத் தாங்கும் என்று அட்டையிலேயே போட்டிருப்பான். கோர்த்து முடித்த அன்றைக்கு ஆரம் அவ்வளவு அழகாக உட்காரும். அன்றைக்கே அறுந்துவிட்டால்கூட நல்லது, பாடம் அன்றோடு முடிந்துவிடும். ஆனால் அது அன்றைக்கு அறுவதில்லை.

2009-இல் ஒரு கல்யாணத்துக்கு ஐந்து சரம் ஆரம் கேட்டார்கள். சிவப்பும் பொன்னிறமுமாகப் பாசி, நடுநடுவே நீளக் குழல்மணி. அதுவரை நான் செய்ததிலேயே பெரிய வேலை. ஏழு வாரம் முன்னதாகவே முடித்து, சுருக்கம் விழாமல் இருக்கட்டும் என்று ஜன்னலோரம் ஆணியில் தொங்கவிட்டேன். மேற்குப் பார்த்த ஜன்னல். மத்தியான வெயில் நேராக அதன் மேல்தான் அடிக்கும்.

வாங்க வந்த அன்று எடுத்துப் பார்த்தேன். சரங்கள் சமமாகத் தொங்கவில்லை. மூன்றாவது சரம் ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. பாசிக்கும் பாசிக்கும் நடுவில் ஊசி முனை அளவுக்கு இடைவெளி விழுந்து, உள்ளே நரம்பு பளபளத்தது. நான் அப்போதே கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாசியை ஒரு பக்கமாகத் தள்ளிச் சேர்த்து, டப்பாவில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

மேடையில் மாலை மாற்றுகிற நேரம். மாப்பிள்ளை போட்ட மாலை ஆரத்தின் மேல் விழுந்தது, அவ்வளவுதான். மூன்றாவது சரம் அறுந்தது. பலகை மேடையில் பாசி தெறித்த சத்தம் நாதஸ்வரத்தையும் தாண்டி எனக்குக் கேட்டது. பெண்ணின் அத்தை குனிந்து, கிடைத்ததையெல்லாம் முந்தானையில் பொறுக்கினார். யாரும் என்னைத் திட்டவில்லை. அந்தப் பெண் மட்டும் தாலி கட்டி முடிகிறவரை ஒரு கையால் மீதி நாலு சரத்தையும் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஃபோட்டோ எல்லாவற்றிலும் அந்தக் கை இருக்கிறது.

வாங்கிய 2,800 ராண்டைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வருஷம் விற்ற மற்ற நகைகளையும் தேடிப் போய்க் கேட்டு வாங்கினேன். பத்தொன்பது கிடைத்தன. அத்தனையையும் பிரித்துத் திரும்பக் கோர்க்க மூன்று மாதம் ஆயிற்று. பதினொரு நகையில் நரம்பு ஏற்கெனவே இழுபட்டிருந்தது.

என் மாமனாரிடம் அறுந்த துண்டைக் காட்டினேன். நகத்தால் மடித்துப் பார்த்தார். மடித்த இடத்தில் வெள்ளையாகத் தழும்பு விழுந்தது. "இது செத்துப்போச்சும்மா. நாங்க வருஷாவருஷம் தூண்டில் ராட்டுல நரம்பு மாத்துறோமே, சும்மாவா மாத்துறோம்? இதைப் போயி கல்யாண ஆரத்துல போட்டியே" என்றார். கடலில் நாற்பது வருஷம் கழித்தவருக்குத் தெரிந்தது, நகை கற்றுத் தந்த யாரும் எனக்குச் சொல்லாதது.

விஷயம் இதுதான். சாதாரணத் தூண்டில் நரம்பு ஒற்றை இழை நைலான். நைலான் தண்ணீரைக் குடிக்கும். டர்பன் காற்றின் ஈரம், கழுத்து வியர்வை, குளிக்கும்போது கழற்ற மறந்த தண்ணீர் எல்லாம் அதற்குள் போய் அதை இளக்கும். இளகிய நரம்பு சரத்தின் கனத்திலேயே நீளும். மீன் திமிறும்போது கொஞ்சம் நீண்டு கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அதை அப்படிச் செய்கிறார்கள், அது நகையில் வந்து உட்காரும்போது அதே குணம்தான் கெடுதல். வெயில் படப்பட உள்ளுக்குள் நொறுங்கத் தொடங்கும். வழவழப்பாகவும் விறைப்பாகவும் இருப்பதால் முடிச்சு மெல்ல மெல்ல நழுவும். சுருளில் இருந்த வளைவையும் அது மறக்காது, மாலை கழுத்தில் நேராகத் தொங்காமல் முறுக்கிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். அட்டையில் போட்டிருக்கும் பத்து கிலோ, புது நரம்பை நேராக இழுத்தால். பழைய நரம்பு, கண்ணாடி விளிம்பில் உரசிக்கொண்டு, முடிச்சோடு என்ன தாங்கும் என்று எந்த அட்டையிலும் இருக்காது.

இவ்வளவு சொன்ன பிறகு யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அக்கா, நீங்க தர்ற ஃபயர்லைன் மட்டும் என்ன? அதுவும் தூண்டில் நூல்தானே?" நியாயமான கேள்வி. ஃபயர்லைனும் மீன்பிடிக்கத்தான் வந்தது, பாசி வேலைக்காரர்கள் பிறகு எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அது நைலான் இல்லை. பாலிஎத்திலீனை மிக நுண்ணிய இழைகளாக இழுத்து, பல இழைகளைச் சேர்த்துச் செய்த நூல். தண்ணீரைக் குடிக்காது, நீளவும் செய்யாது என்றே சொல்லலாம். பாசியின் நம்பர் கூடக்கூட அளவு சிறுக்கும். 11-ஆம் நம்பர் பாசிக்கு 6 பவுண்டு எடை தாங்கும் நூல் சரியாக இருக்கும். 15-ஆம் நம்பர் போன்ற பொடிப் பாசிக்கு 4 பவுண்டு. சாம்பல் நிற நூலில் ஒரு கறுப்புப் பொடி விரலில் ஒட்டும், வெளிர் நிறப் பாசிக்கு அதைப் போட்டால் அழுக்கேறிய மாதிரி தெரியும். அதற்கு வெள்ளை நூல் வாங்குங்கள். நல்ல கத்தரியால் அதை வெட்டாதீர்கள், முனை மழுங்கிவிடும். குழந்தைகள் காகிதம் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல் போதும்.

கல், பெரிய கண்ணாடி மணி என்று கனமாகக் கோர்ப்பதானால் நூலே வேண்டாம். பல இழை எஃகுக் கம்பி, மேலே பிளாஸ்டிக் பூச்சோடு கிடைக்கிறது. 7 இழை, 19 இழை, 49 இழை என்று வரும். இழை கூடக்கூடத் துணி போல வளைந்து கொடுக்கும். 7 இழைக் கம்பி ஒருமுறை மடிந்தால் அந்த மடிப்பு போகவே போகாது. எதில் கோர்த்தாலும் கடைசிப் பாசிக்கும் கொக்கிக்கும் நடுவில் ஒரு நெல் அகலத்துக்காவது தளர்வு விடுங்கள். இழுத்துப் பிடித்து முடித்த மாலை கழுத்தில் வளையும்போது கம்பி எதன் மேலாவது உரசிக்கொண்டே இருக்கும்.

அந்தப் புதுப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஒரு முழம் நரம்பும் ஒரு முழம் ஃபயர்லைனும் வெட்டி, இரண்டையும் நனைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ சர்க்கரைப் பையைக் கட்டி, வீட்டுக் கதவுக் கைப்பிடியில் ராத்திரி தொங்கவிடச் சொன்னேன். காலையில் அளந்துவிட்டு எனக்கு மெசேஜ் அனுப்பினாள். சுருளை அவள் அப்பாவிடம் கொடுத்துவிட்டாளாம்.

குழல்மணியின் வாய்

அந்த ஆரத்தில் நரம்பு மட்டும் குற்றவாளி இல்லை. குழல்மணி என்பது கண்ணாடிக் குழாயைத் துண்டுதுண்டாக வெட்டுவது. வெட்டின வாய் பிளேடு மாதிரி இருக்கும். ஒவ்வொரு குழலின் இரண்டு பக்கமும் ஒரு சின்ன உருண்டைப் பாசி வையுங்கள், நூல் வளைகிற இடம் அந்த உருண்டையின் மேல் வரும். வாய் உடைந்த குழல்களைக் கோர்ப்பதற்கு முன்பே பொறுக்கித் தள்ளிவிடுங்கள். விலை கொடுத்து வாங்கினோமே என்று பார்க்காதீர்கள்.

சாயம்

கண்ணாடியே நிறமாக இருப்பது வேறு, மேலே சாயம் ஏற்றியது வேறு. கடையில் இரண்டும் ஒரே மாதிரி மின்னும். ரோஜா, ஊதா நிறங்களில் ஏமாற்றம் அதிகம். பத்துப் பாசியை எடுத்து, நகச்சாயம் அழிக்கிற திரவத்தில் நனைத்த வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். இன்னொரு பத்தைப் பாதி மூடிப் பாதி திறந்து இரண்டு வாரம் வெயிலில் வையுங்கள். தைப்பூசத்துக்கு மஞ்சளும் வெள்ளையுமாக மாலை கேட்பார்கள். அதன் மேல் பாலும் சந்தனமும் படும், நாள் முழுக்க ஜனவரி, பிப்ரவரியின் கோடை வெயிலும் அடிக்கும். சோதிக்காத பாசியை அந்த மாலையில் நான் போடுவதில்லை.

உள்ளே வெள்ளிப் பூச்சுள்ள பாசி கடலோர ஊரில் கறுக்கும். வாங்குகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முடிச்சில் சூப்பர் க்ளூ

வேண்டாம். காய்ந்ததும் அந்த இடத்தில் நூல் குச்சி மாதிரி முறியும்.

பாதியில் தீர்ந்த பாசி

ஒரே நம்பர், ஒரே நிறம், ஒரே கடை. ஆனாலும் அடுத்த தடவை வருகிற பாசி கொஞ்சம் மாறித்தான் இருக்கும். ஒரு வேலைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்குங்கள், கணக்குக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து.

நிறத்துக்கு அர்த்தம் சொல்வது

இந்த ஊரில் பாசி வேலை செய்கிற நாம், ஜூலு இனப் பெண்களின் பாசி வேலையைப் பார்க்காமல் வளர முடியாது. கடற்கரை நடைபாதையில் அவர்கள் விரித்து வைத்திருக்கும் சின்னச் சதுரப் பதக்கங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பெண் தன் மனசுக்குப் பிடித்தவனுக்குக் கோர்த்துக் கொடுக்கிற கடிதம் அது. சுற்றுலா வருகிறவர்களுக்காக அதோடு ஒரு அட்டையும் கிடைக்கும், வெள்ளை என்றால் தூய காதல், சிவப்பு என்றால் இன்னது என்று. புதிதாக விற்கத் தொடங்குகிறவர்கள் அந்த அட்டையை அப்படியே எழுதித் தங்கள் நகையோடு கட்டிவிடுகிறார்கள்.

நானும் கட்டினேன். ஒருநாள் நடைபாதையில் உட்காரும் ஒரு கோகோவிடம் (வயதான ஜூலு அம்மாக்களை இங்கே எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம்) நீலத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். கையிலிருந்த ஊசியை நிறுத்தாமல், "எந்த ஊர் நீலம்?" என்று திருப்பிக் கேட்டார். பக்கத்தில் எந்த நிறம் நிற்கிறது, கோர்த்தவள் எந்தப் பகுதிக்காரி, கல்யாணம் ஆனவளா ஆகாதவளா என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும். மசிங்கா பகுதியில் எந்த நிறங்களைச் சேர்த்துக் கோர்த்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே அது எந்தப் பக்கத்து வேலை என்று சொல்லிவிடுவார்களாம். அன்றைக்கே என் அட்டைகளைக் கிழித்துப் போட்டேன். அவர்கள் வடிவத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டால், எங்கே கற்றேன் என்று சொல்லுங்கள். அவர்கள் பேச்சை நாம் பேசுவதாகச் சொல்லி விற்காதீர்கள்.

விலை

பாசிக்கு ஆன காசை மட்டும் கூட்டாதீர்கள். உட்கார்ந்த மணி நேரத்தையும் எழுதுங்கள்.

சொல்லித் தருகிறவர்களுக்கு

மாணவியின் கையிலிருந்து வேலையை வாங்காதீர்கள். எனக்கு இது ரொம்ப நாள் புரியவில்லை. ஒருத்தி தடுமாறினால், "இங்கே கொடு" என்று வாங்கி நாலு தையல் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். உதவி என்றுதான் நினைத்தேன். ஒரு வருஷம் வந்த ஒரு டீச்சரம்மா அழகழகாகப் பன்னிரண்டு நகையோடு போனார். அப்புறம் வீட்டில் தனியாக ஒன்றுகூடச் செய்ய வரவில்லை என்று ஃபோனில் அழுதார். ஒவ்வொன்றிலும் கஷ்டமான இடம் என் கையால் போட்டது.

இப்போது எனக்கென்று பெரிய பாசியில் ஒரு மாதிரித் துண்டு வைத்திருக்கிறேன். 8-ஆம் நம்பர், வரிசைக்கு ஒரு நிறம். அதில் நான் போட்டுக் காட்டுவேன், அவர்கள் தங்கள் துண்டில் போட வேண்டும். முதல் வகுப்பில் கறுப்புப் பாசி கொடுப்பதே இல்லை, எந்த ஓட்டையில் நூல் போனது என்று யாருக்கும் தெரியாது. இடது கைக்காரர்கள் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், எதிரே உட்காருவார்கள். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி என் கையைப் பார்த்து அப்படியே செய்துவிடலாம்.

நரம்புச் சுருளோடு வந்த பெண் இடது கைக்காரிதான். இந்த சனிக்கிழமை எதிரே உட்கார்ந்து பாசியில் கோர்த்த ஒரு இலையை நாலு தடவை பிரித்தாள். மூன்றாவது தடவை நூலை நிமிண்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஐந்தாவது தடவை இலை நின்றது, நுனி கொஞ்சம் கோணல். அதைப் பிரிக்க வேண்டாம், தேதி எழுதி வைத்துக்கொள் என்று சொன்னேன்.