ஃபகராவா பவளத்தீவில் முக்குளிக்க: முதன்முறை செல்பவர்களுக்கான செய்முறை

பிரெஞ்சு பொலினீசியாவின் துவாமோத்து தீவுக்கூட்டத்தில் உள்ள ஃபகராவா, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள காயலைச் சுற்றி மெல்லிய விளிம்பாக அமைந்த பவளத்தீவு. வடக்கே காருவாயே, தெற்கே துமாகோஹுவா என்னும் இரு முகத்துவாரங்கள் வழியாகவே காயலும் பெருங்கடலும் பெரும்பாலும் நீரைப் பரிமாறிக்கொள்கின்றன. முக்குளிப்புச் சான்றிதழ் ஏற்கெனவே உங்களிடம் இருப்பதாகக் கொண்டு எழுதுகிறேன்.

படி 1: விசா. இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு வழக்கமான ஷெங்கன் விசா இங்கே செல்லாது. பிரான்சின் கடல்கடந்த பகுதிகளுக்கான குறுகியகால விசாவைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் வழியாகச் சென்றால், விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா தேவை.

படி 2: காலம். ஜூன், ஜூலை முழுநிலவை ஒட்டித் தென் முகத்துவாரத்தில் களவா மீன்கள் ஆயிரக்கணக்கில் முட்டையிடக் கூடுகின்றன. 2014-இல் பிரெஞ்சுக் கடலுயிரியலாளரும் நீரடிப் புகைப்படக்காரருமான லோரான் பலெஸ்தா 24 மணி நேரம் தொடர்ந்து நீருக்கடியில் இருந்தது இங்கேதான். ஆனாலும் தொடக்கநிலையினர் அந்தக் கூட்டத்தைத் துரத்த வேண்டாம் என்பது என் கருத்து. அம்மாதங்களில் காற்று கடுமையாக இருக்கும், சாம்பல்நிறச் சுறாக்களையோ ஆண்டு முழுவதும் நூற்றுக்கணக்கில் காணலாம்.

படி 3: பயண வரிசை. தாஹிட்டித் தீவிலுள்ள தலைநகர் பப்பீத்தேயிலிருந்து சிறிய விமானம் வடக்கிலுள்ள ரோத்தோவா ஊரருகே இறங்கும். தெற்கே தங்குவதானால் படகை விடுதியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடைசி முக்குளிப்புக்கும் திரும்பும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டியிருப்பதால், அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமையும்படி திட்டமிடுவதே சிறந்தது. அன்று ஊரே தேவாலயத்தில் கூடும். ஹிமேனே என்னும் பல்குரல் பாடலைக் கேட்கலாம். தோள்களை மூடிய உடை அணிந்து, பின்வரிசையில் அமருங்கள்.

படி 4: நீரோட்டம். பலரும் தடுமாறுவது இங்கேதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். கடல் காயலுக்குள் பாயும்போது நீர் தெளிவாக இருக்கும். அது உங்களை உள்ளே அமைதியான நீருக்குக் கொண்டுசேர்க்கும். வெளியே பாயும்போது நீர் கலங்கி, உங்களைத் திறந்த கடலுக்குத் தள்ளும். அங்கே எதிர்வரும் அலைகளோடு மோதிச் செங்குத்தான அலைகள் எழும். எனவே உட்பாய்ச்சலில் மட்டுமே இறங்க வேண்டும். அதன் நேரத்தை ஏற்றவற்ற அட்டவணையிலிருந்து நீங்களே கணக்கிட்டுவிட முடியாது. கன்னியாகுமரிக் கரையோரத்தில் கள்ளக்கடலை எழுப்புவது போன்ற தொலைதூரப் பேரலைகள் தெற்கிலிருந்து வந்து, தாழ்ந்த பாறைவிளிம்பைத் தாண்டிக் காயலுக்குள் நீரைக் கொட்டுகின்றன. அந்த மிகைநீர் முகத்துவாரங்கள் வழியாகவே வெளியேற வேண்டியிருப்பதால், அட்டவணை ஏற்றம் என்று காட்டும் வேளையிலும் ஓட்டம் வெளிநோக்கி நீடிக்கலாம். வழிகாட்டி படகிலிருந்து நீரைப் பார்த்துவிட்டு, இன்று வேண்டாம் என்றால் வாதிடாதீர்கள். இறங்குமுன் அவரிடம் ஓட்டத்தின் திசை, ஒதுங்கி நிற்கும் இடம், மேலேறும் இடம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். கீழே பிடித்துக்கொள்ள நேர்ந்தால் உயிரற்ற பாறையை மட்டும் பிடியுங்கள்.

முதலில் பவளப்பாறையின் கடற்பக்க வெளிச்சரிவு, பிறகு குறுகலான துமாகோஹுவா, கடைசியாக ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அகலமுள்ள காருவாயே என்பதே நான் பரிந்துரைக்கும் வரிசை.

படி 5: கருவிகள். மேற்பரப்பில் உங்களைக் காட்டும் ஆரஞ்சுநிற மிதவைக் குழாயைச் சொந்தமாக வைத்திருங்கள். அலைகளுக்கிடையே விசிலைவிட அதுவே படகோட்டியின் கண்ணில் படும். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள முக்குளிப்பு உடை போதும். முக்குளிப்பவர்களுக்கு அழுத்த மாற்றத்தால் வரும் நோய்க்கான அழுத்தச் சிகிச்சை அறை தாஹிட்டித் தீவில்தான் உள்ளது; அவசர விமானச் செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

பிற்சேர்க்கை: மீன் உணவு பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பவளப்பாறை மீன்களில் சேரும் சிகுவத்தேரா நஞ்சு சமைத்தாலும் அழியாது. எந்த இடத்து மீனை உண்ணலாம் என்பதை ஊர்க்காரர்களிடம் கேட்டே உண்ணுங்கள். எலுமிச்சைச் சாறும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் சமைக்காமல் உண்ணும் சூரை திறந்த கடல் மீன் என்பதால் அதற்கு இந்த அச்சம் இல்லை. புதிதாகப் பிடித்ததுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.